மணலி வயலினும் ராயபுரம் கானாவும்

தனித்தனியே கேட்டால் குறை சொல்ல முடியாத நான்கு வித்துவான்கள் ஒரே மேடையில் அமர்ந்தும் பாட்டு உட்காராமல் போவதும், நடுத்தரமான கைகள் சில ஒன்றுகூடிய மாத்திரத்தில் கேட்பவர் எழுந்து போக மனமில்லாதபடி பாட்டு களைகட்டுவதும் இசையுலகில் அடிக்கடி காணக்கூடியவையே. இந்தப் பொருத்தத்தைத் திரையிசை வட்டாரத்தார் கெமிஸ்ட்ரி என்றும், கச்சேரி வட்டாரத்தார் அனுசரணை என்றும், வடசென்னை இளைஞர்கள் ‘செட்டாவது’ என்றும் குறிப்பிடுகின்றனர். பெயர் எதுவாயினும் அதை ஒரு ராசியாகவும், இருவருக்கிடையே தானாக அமைந்துவிட்ட மனப்பொருத்தமாகவும் கருதும் வழக்கமே பரவலாக உள்ளது. ராயபுரத்தில் தொடங்கி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை நீளும் நிலப்பகுதியின் இசை வரலாற்றைப் பார்க்கும்போது இந்தக் கருத்து நிற்பதில்லை. துறைமுகமும் ஆலைகளும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த அந்தப் பகுதியில், ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது எனத் தோன்றிய ஒலிகள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்து வாசிக்கப்பட்டு வந்துள்ளன. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் தம் பழக்கத்தைத் தளர்த்திக்கொண்ட பிறகுதான் அந்தச் சேர்க்கை கைகூடியது.

அவற்றுள் மிகப் பெரியது மணலியில் நிகழ்ந்தது. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையாலும் உர ஆலையாலும் அறியப்படும் மணலி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புடைய செல்வந்தரான முத்துகிருஷ்ண முதலியாரின் ஊராக இருந்தது. அவர் அழைப்பை ஏற்று ராமசாமி தீட்சிதர் தம் குடும்பத்தோடு அங்கு வந்து தங்கினார். முதலியாருக்குப் பின் அவர் மகன் வெங்கடகிருஷ்ண முதலியார், அதாவது சின்னையா முதலியார், அந்தக் குடும்பத்தை ஆதரித்தார். கம்பெனியாருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த அவர் வழியாகத்தான் தீட்சிதரின் மக்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஒலித்த ஐரோப்பிய இசையைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. மூத்தவரான முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகள் சிலவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார்; பிரிட்டிஷ் அரசவாழ்த்தின் மெட்டும் அவற்றுள் அடங்கும். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் அந்தச் சிறு உருப்படிகள் சுமார் நாற்பது. இளையவரான பாலுசாமி தீட்சிதர், சின்னையா முதலியார் அமர்த்திக்கொடுத்த ஐரோப்பிய ஆசிரியரிடம் வயலின் கற்று, அந்தக் கருவியைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார்.

இந்த வரலாற்றில் வழக்கமாக மெச்சப்படுவது பாலுசாமி தீட்சிதரின் துணிவு; அதைவிட உற்று நோக்கத்தக்கது, பாட்டோடு பொருந்துவதற்காக அந்தக் கருவியும் அதை வாசிக்கும் முறையும் அடைந்த மாற்றங்கள். ஐரோப்பாவில் நின்றபடியோ நாற்காலியில் அமர்ந்தபடியோ தாடையால் பற்றி வாசிக்கப்பட்ட வயலின், இங்கு தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவரின் மார்புக்கும் வலது கால் பாதத்துக்கும் இடையே சரிவாக ஊன்றப்பட்டது. கருவியைத் தாங்கும் பொறுப்பு நீங்கியதால் இடக்கை தந்தியின் மேல் தடையின்றி வழுக்கிச் செல்ல முடிந்தது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு அசைந்தும் குழைந்தும் செல்லும் கமகம் வயலினில் பிறந்தது இந்த வழுக்கலால்தான். நான்கு தந்திகளும் நான்கு வேறு சுரங்களில் நிற்கும் ஐரோப்பிய முறை கைவிடப்பட்டு, பாடுபவரின் ஆதார சுருதிக்கு ஏற்பச் சட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி வரும்படி தந்திகள் கூட்டப்பட்டன. வயலின் பாடகருக்குப் பக்கத்தில் அமர்வதற்குத் தன் உட்காரும் விதத்தையும் சுருதியையும் மாற்றிக்கொண்டது. பாட்டும் அதற்கு ஈடாகத் தன் பழைய துணையான வீணையைக் கச்சேரி மேடையில் சற்றே ஒதுக்கியது. பொருத்தம் உண்டாகும்போது எவரோ ஒருவர் இடம் இழக்கவும் நேரிடும் என்பது பொதுவாகப் பேசப்படுவதில்லை.

மணலிக்கு அடுத்த ஊரான திருவொற்றியூரில், தியாகராஜரின் சீடரான வீணை குப்பையர் வாழ்ந்தார். அவர் அழைப்பில் வந்த தியாகராஜர் அந்த ஊர்க் கோயிலின் திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் 1900இல் வெளியிட்ட ‘பல்லவி ஸ்வரகல்பவல்லி’ இன்றும் இசை மாணவர்களுக்குப் பயன்படும் நூல். கானாவின் ஊர் என்று மட்டுமே வடசென்னையை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.

கச்சேரியில் அனுசரணை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று அருகிலிருந்து காண வேண்டும். பாடகர் ராகத்தை ஆலாபனை செய்யும்போது, அதாவது தாளமும் சொல்லும் இன்றி ராகத்தின் வடிவை விரிக்கும்போது, வயலின் கலைஞருக்கு அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாது. பாடகரின் குரலுக்கு நிழலாக, கணநேரம் பின்தங்கி அவர் வாசிக்கிறார். நெருங்கிப்போனால் குரலை மறைக்கும், மிகவும் பின்தங்கினால் எதிரொலியாகி உறுத்தும். தேர்ந்த கலைஞர் எல்லாவற்றையும் திருப்பி வாசிப்பதில்லை; பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில், அவர் கடைசியாக நின்ற சுரத்தைப் பிடித்துக் காத்து, அவர் திரும்பி வரும் வழியை அடைக்காமல் விலகிக்கொள்கிறார். மிருதங்கக் கலைஞரும் கீர்த்தனையின் சொற்கள் அடர்ந்து வரும் இடங்களில் கையை அடக்கி, சொல் நீளும் இடங்களில் நிரப்பி வாசிக்கிறார். இவ்வாறு பிறருடைய ஒலிக்கு ஊட்டம் தரும் வாசிப்பைப் போஷணை என்பர்.

தனி ஆவர்த்தனத்தில், அதாவது பாட்டு நின்று தாளக் கருவிகள் மட்டும் முழங்கும் பகுதியில், குறைப்பு என்றொரு கட்டம் உண்டு. மிருதங்கம் ஒரு முழு ஆவர்த்தனம் வாசிக்க, கடம் அதற்கு அதே அளவில் மறுமொழி சொல்லும். பின்னர் அளவு பாதியாகும், அதன் பின் கால்பங்காகும், முடிவில் இரண்டும் சில எழுத்துகளை மட்டும் மாறி மாறி எறிந்துகொள்ளும் வேகத்தை எட்டி, ஒன்றாகக் கலந்து, மும்முறை ஒலிக்கும் கோர்வையில் முடியும். குறைப்பில் கடக் கலைஞர் மிருதங்கம் வாசித்ததை அப்படியே பிரதி எடுத்தால் அவையோர் சலிப்படைவர். முற்றிலும் வேறொன்றை வாசித்தால் பேச்சு அறுந்துவிடும். கேட்டதில் ஒரு சிறு பகுதியை வைத்துக்கொண்டு மீதியை மாற்றித் திருப்பித் தருவதே அங்கு எதிர்பார்க்கப்படுகிறது. ஒரு கச்சேரியில் கலைஞர்களுக்குள் ஒட்டுதல் உண்டா என்பதை அறிய விரும்பும் புதிய ரசிகர், ராக நுணுக்கம் எதுவும் தெரியாவிட்டாலும், இந்தக் கட்டத்தைக் கவனித்தாலே போதும்.

இத்தகைய ஒட்டுதலை ஆராய்ச்சியாளர்கள் அளந்தும் பார்த்துள்ளனர். ஒரே சட்டத்தில் தொங்கவிடப்பட்ட இரண்டு ஊசல் கடிகாரங்கள் சிறிது நேரத்தில் தாமாகவே ஒத்த ஆட்டத்துக்கு வந்துவிடுவதை டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1665இல் கண்டறிந்தார். தனித்தனி லயங்கள் ஒன்றையொன்று ஈர்த்து ஒத்திசையும் இந்த இயல்பைக் கொண்டு, இந்திய இசைக் கச்சேரிகளை மார்ட்டின் கிளேட்டன் போன்ற இசையியலாளர்கள் ஆய்ந்தனர். தாளத்தோடு எந்தத் தொடர்பும் இன்றி மீட்டப்பட வேண்டிய தம்பூராக்கள்கூட, மீட்டுபவர்கள் அறியாமலேயே ஒத்த லயத்துக்கு நழுவுவதை அவர் பதிவு செய்தார். ஆனால் மனிதர்கள் ஊசல்கள் அல்லர். மூவர் சேர்ந்து வாசித்த இசையை 1979இல் அளந்த ராஷ் என்னும் ஆய்வாளர், ஒரே நேரத்தில் ஒலிப்பதாகக் காதுக்குத் தோன்றும் சுரங்கள் உண்மையில் 30 முதல் 50 மில்லி விநாடி வரை முன்னும் பின்னுமாக விழுவதைக் காட்டினார். ஒரு மில்லி விநாடி என்பது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சிறு பிசகு குற்றம் அன்று. அதை முற்றிலும் நீக்கிவிட்டால் இசை இயந்திரத்தனமாக ஒலிக்கும் என்று வாதிடுவோரும் உள்ளனர்.

சேர்ந்து வாசிப்பதற்கு வேண்டிய திறன்களை மூன்றாகப் பகுக்கிறார் பீட்டர் கெல்லர் என்னும் உளவியலாளர். அடுத்தவர் செய்யப்போவதை ஊகிப்பது, தம் ஒலியையும் பிறர் ஒலியையும் ஒருசேரக் கவனிப்பது, பிசகு நேர்ந்ததும் அதைக் கணத்தில் சரிசெய்துகொள்வது என்பன அவை. இவற்றுள் இரண்டாவதே கடினமானது. தம் கருவியில் இன்னும் தடுமாறுபவரின் கவனம் முழுவதையும் அந்தக் கருவியே விழுங்கிவிடும் என்பதால், கை பழகிய பிறகே காது பிறருக்காகத் திறக்கிறது. கைத்திறன் இருந்தும் அந்தக் காதைத் திறக்காதவர்கள் எல்லா இசை வகைகளிலும் உண்டு. அவர்களோடு மேடையேறுவதைச் சக கலைஞர்கள் மரியாதையாகத் தவிர்த்துவிடுவர்.

இதே திறன்கள் இசைக்கூடங்களுக்கு வெளியே, உழைப்பில் பயின்று வந்துள்ளன. தமிழ்நாட்டுக் கடலோர மீனவர்கள் கரைவலை இழுக்கும்போதும் படகைத் தள்ளும்போதும் பாடிய அம்பாப் பாட்டுகளில் முன்பாட்டுக்காரர் ஒருவர் அவ்வப்போது மாறும் அடியைப் பாட, மற்றவர்கள் மாறாத சொல்லைத் திருப்பிச் சொல்வர். எல்லோருடைய வலிமையும் ஒன்றாகச் சேரும் இழுப்பு அந்த மாறாத சொல்லின் மேல்தான் விழும். முன்பாட்டுக்காரர் அடியை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், வேடிக்கையாகவும் மாற்றலாம். திரும்பி வர வேண்டிய இடத்தை மட்டும் தவறவிடக் கூடாது. ஒருவருக்கு உரிமையும் பலருக்கு உறுதியும் தரும் இந்த ஏற்பாடு, அதே கரையில் பிறந்த கானாவிலும் காணப்படுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று துணிந்து கூறுவதற்கில்லை. இரண்டும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்று என்று சொல்வதே பொருந்தும்.

கானா என்பது வடசென்னை உழைக்கும் மக்களின் பேச்சுமொழியில் பாடப்படும் பாட்டு. தேவாவின் இசையால் 1990களில் திரைப்படங்களில் பரவியதும், ‘சித்திரம் பேசுதடி’ வழியாக 2006இல் கானா உலகநாதனும், ‘அட்டகத்தி’ வழியாக 2012இல் கானா பாலாவும் தமிழகம் முழுதும் அறிமுகமானதும் பலருக்குத் தெரிந்தவையே. ஆனால் திரைப்பாட்டாக வரும் கானா நான்கைந்து நிமிடங்களில் முடிந்துவிடும் ஒழுங்குபட்ட வடிவம். அதன் சொந்த வடிவம் சாவு வீட்டில், தெருவை அடைத்துப் போட்ட சாமியானாவின் கீழ், மறுநாள் எடுக்கப்படவிருக்கும் உடலுக்குத் துணையாக இரவு முழுதும் நீளும் மரண கானா. அந்த வகைக்காகவே பெயர் பெற்ற பாடகர் மரண கானா விஜி.

மரண கானாவின் பாடகருக்கு முழுப் பாட்டும் முன்கூட்டித் தெரிந்திருப்பதில்லை என்பதை முதலில் கருத்தில் கொள்ள வேண்டும். மெட்டு அறிந்ததாக இருக்கும். பல அடிகளும் பழகியவையாக இருக்கும். ஆனால் இறந்தவரின் பெயரும், அவர் செய்த தொழிலும், அழுதுகொண்டிருக்கும் மகனும் மகளும் பேரனும் அந்த இரவில்தான் பாட்டுக்குள் வருகின்றனர். நீளமான பெயர் வந்தால் அடி நீளும். உறவினர் ஒருவர் எழுந்து வந்து பணம் கொடுத்தால் அவர் பெயரும் சேரும். துக்கம் மிகுந்து பாடகர் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தினால், தாளம் நின்று காத்திருக்க முடியாது என்பதால், டோலக் வாசிப்பவர் அந்த இழுப்பின் கீழ் நடையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை சுற்று என்று எவரும் எண்ணுவதில்லை. டோலக்காரரின் கண் பாடகரின் வாயிலும் தோளிலும் இருக்கும். அடுத்த அடிக்கு மூச்செடுக்கும்போது தோள் சிறிது உயரும், அந்தக் கணத்தில் ஒரு சிறு முடிப்பு அடித்து அவர் பாட்டுக்குக் கதவைத் திறந்துவிடுவார். தடித்த ஒலி தரும் பக்கத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தினால் ஒலி கீழிருந்து மேலாகக் குழையும். பாடகர் இழுக்கும் உயிரெழுத்தோடு அந்தக் குழைவும் சேர்ந்து ஏறும்போது அழுகையும் தாளமும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகின்றன. பின்பாட்டுக்காரர்கள் பல்லவியைப் பிடித்துக்கொள்வதால் பாடகருக்கு அடுத்த அடியைக் கட்டச் சில விநாடி கிடைக்கிறது. அந்த ஓய்வு கிடைக்காவிட்டால், எவ்வளவு பெரிய பாடகரானாலும் விடியும்வரை தாங்க முடியாது.

பெரும்பாலும் மூன்று மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையும், எல்லோரும் அறிந்த மெட்டுகளும், பல்லவிக்குத் திரும்பும் பொது வழக்கமும் இருப்பதால், அன்றுவரை ஒன்றாக வாசித்திராதவர்கள்கூட அந்த இரவில் ஒன்றிவிட முடிகிறது. அவர்களுக்கிடையே நட்பு தேவையில்லை. பகையாளிகள்கூட ஒரே சாமியானாவின் கீழ் பிசகின்றி வாசித்துவிட முடியும். பொது வழக்கம் அவர்களுக்காகப் பாதி வேலையை முன்பே செய்து வைத்திருக்கிறது. ராசி என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி இவ்வாறு சேமித்து வைக்கப்பட்ட ஊர்ச்சொத்துதான்.

அந்தப் பொதுச்சொத்து இல்லாதவர்கள் சேரும்போது நேர்வதைக் காட்டுவது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து உருவாக்கிய அந்தக் குழு, அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தாக்கத்திலிருந்து பெயர் பெற்று, 2018 ஜனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் முதல் முறையாக மேடையேறியது. பத்தொன்பது பேர் கொண்ட அந்தக் குழுவில் கானாப் பாடகர்கள், பறை, தவில், சட்டி, கட்டமோளம் வாசிப்போர், கிட்டார், டிரம்ஸ் கலைஞர்கள், தாராவியின் தமிழ் ராப் பாடகர் ஆகியோர் இடம்பெற்றனர். அந்தப் பத்தொன்பதின்மருள் ஒரே பெண் ராயபுரத்தைச் சேர்ந்த கானாப் பாடகி இசைவாணி. பிபிசி வெளியிட்ட 2020ஆம் ஆண்டின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. பாடலாசிரியரும் ராப் பாடகருமான அறிவின் பெயர் தமிழ்நாட்டுக்கு வெளியே பரவத் தொடங்கியதும் இந்தக் குழுவின் வழியாகத்தான்.

இத்தகைய கூட்டத்தில் எழும் சிக்கல்கள் கொள்கை சார்ந்தவை அல்ல, முற்றிலும் நடைமுறை சார்ந்தவை. முதலாவது சுருதி. தமிழ் இசைக்கலைஞர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வர். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளில் முதலாவது ஒரு கட்டை. ஆண் குரல்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் நிற்க, பெண் குரல்கள் ஐந்து கட்டையை ஒட்டி அமைவதால், இருவரும் ஒரே பாட்டைப் பாடும்போது ஒருவர் அடித்தொண்டைக்கோ மற்றவர் உச்சத்துக்கோ போக நேர்கிறது. கிட்டார் சுருதி மாறினால் விரல் நிலைகளை மாற்றிக்கொள்ளும். பறைக்கு அந்த வசதி இல்லை. வேப்பமரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல் பறையின் முகம். வலக்கையில் குட்டையான அடிக்குச்சியும் இடக்கையில் நீண்டு மெலிந்த குச்சியும் கொண்டு வாசிக்கும் முன் அதைத் தீயில் காட்டிக் காய்ச்சுவர். தோல் காய்ந்து இறுகினால் ஒலி கூர்மையாகும். கடற்காற்றின் ஈரம் ஏறினால் தொய்ந்து மந்தமாகும். துறைமுகத்தை ஒட்டிய ஊர்களில் மாலை நேரத்தில் இந்தத் தொய்வு விரைவாகவே வந்துவிடும் என்பதால், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே பறைக்குத் தீ காட்டவும் மின்கருவிகள் காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பை நிகழ்ச்சியின் ஓட்டத்துக்குள் திட்டமிட்டுச் சேர்ப்பதும் குழுவாக வாசிப்பதன் ஒரு பகுதியே.

இரண்டாவது சிக்கல் காலக் கணக்கு. ராக் இசையில் பழகிய கிட்டார் கலைஞர் நான்கு நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றுகளாகப் பாட்டைக் கணக்கிட்டு, எட்டாவது சுற்றின் முடிவில் சுரக்கூட்டு மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பார். கானாப் பாடகரோ சொல்ல வந்த சங்கதி முடியும் இடத்தில்தான் அடியை முடிப்பார். இவரைக் கணக்குத் தெரியாதவர் என்பதும் அவரை உணர்ச்சியற்றவர் என்பதும் ஒத்திகைகளில் எளிதில் நேரக்கூடிய தவறான மதிப்பீடுகள். தீர்வு இரண்டு பக்கமும் சிறிது நகர்வதில் உள்ளது: மேற்கத்தியக் கருவிகள் பாடகர் தலையசைக்கும்வரை ஒரே சுரக்கூட்டில் நின்று சுழல்வது, பாடகர் முக்கியமான திருப்பங்களை மட்டும் சுற்றின் தலையில் கொண்டுவந்து சேர்ப்பது. மூன்றாவது சிக்கல் ஒலியின் அளவு. சட்டியின் கூரிய ஒலியும் டிரம்ஸின் தாம்பாள ஒலியும் ஒரே உயரத்தில் மோதுவதால், இரண்டும் எப்போதும் வாசித்தால் பாட்டின் சொல் எவர் காதிலும் விழாது. சாதியைப் பற்றிப் பாடும் குழுவுக்குச் சொல் கேட்காமல் போவதைவிடப் பெரிய இழப்பு இல்லை. ஆகவே எந்த இடத்தில் யார் கையைக் கட்டிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்வது, எந்த இடத்தில் யார் முழங்குவது என்பதைவிட முதன்மை பெறுகிறது.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. மணலியில் ஐரோப்பியரின் வயலினைச் சில பத்தாண்டுகளில் தன் பக்கத்தில் அமர்த்திக்கொண்ட கச்சேரி மேடை, அதே மண்ணில் எப்போதும் ஒலித்துக்கொண்டிருந்த பறையை ஏன் அருகில் சேர்க்கவில்லை? ஒலி மிகுதி காரணம் என்பது ஏற்கத்தக்கதாக இல்லை. தவிலும் உரத்து ஒலிப்பதே. யார் யாரோடு அமர்ந்து வாசிக்கலாம் என்பதைக் காதுக்கு முன்பாகச் சாதி முடிவு செய்திருந்தது. மிருதங்க வித்துவான்கள் சிலர் பெண்களுக்குப் பக்கம் வாசிக்க மறுத்த காலமும் மிகத் தொலைவில் இல்லை. ஆகவே இரு இசைகள் ஒட்டவில்லை என்று எவரேனும் சொல்லும்போது, அவை ஒட்டிப் பார்க்க வாய்ப்பு அளிக்கப்பட்டதா என்று விசாரிப்பது நல்லது. சபாக்களின் மார்கழி இசைவிழாவுக்கு எதிர்வினையாக, நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ நிகழ்ச்சியைத் தொடங்கியதைப் பார்க்க வேண்டியதும் இந்தப் பின்னணியில்தான்.

எதிர்த் திசையிலிருந்து நிகழ்ந்த முயற்சி 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை பொறம்போக்கு பாடல்’. எண்ணூர்க் கழிமுகம் ஆலைகளாலும் சாம்பலாலும் அழிவதைப் பற்றிக் கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதிய வரிகளை, கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா ஆனந்தபைரவி, பேகடா உள்ளிட்ட ராகங்களில் அமைந்த ராகமாலிகையாக, எண்ணூரிலேயே நின்று பாடினார். பொருத்தம் தேட வேண்டியிருந்தது இங்கு ராகத்துக்கும் பேச்சுமொழிக்கும் இடையே. கர்நாடக இசையின் கமகம் நெட்டெழுத்தில் விரிவது; சென்னைத் தமிழோ சொல்லின் நடுவிலும் கடையிலும் உயிரைக் குறுக்கி, மெய்களை மோதவிட்டு ஓடுவது. ராகத்தை முழுதாக விரித்தால் சொல் செத்துவிடும். சொல்லை அப்படியே பேசிவிட்டால் ராகம் நிற்காது. அந்தப் பாட்டு சில இடங்களில் இந்த இழுபறியை அழகாகத் தீர்க்கிறது, சில இடங்களில் இழுபறி வெளிப்படையாகவே தெரிகிறது. தெரிவதால் அது குறைந்துபோய்விடவில்லை.

அண்மைக் காலத்தில் கானா பெருமளவில் யூடியூபுக்கு நகர்ந்துள்ளது. சேர்ந்து வாசிப்பவர்களுக்கிடையே ஒலி சென்று சேரும் காலத்தை ஆய்ந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சேஃப் குழுவினர், கைதட்டும் இருவருக்கிடையே சுமார் 11.5 மில்லி விநாடித் தாமதம் இருந்தால் காலம் நிலையாக நிற்பதாகவும், அதைவிடக் குறைந்தால் இருவரும் தம்மையறியாமல் வேகம் கூட்டுவதாகவும், மிகுந்தால் தளர்ந்துபோவதாகவும் 2004இல் காட்டினர். காற்றில் ஒலி அந்த நேரத்தில் கடக்கும் தொலைவு ஏறக்குறைய நான்கு மீட்டர். சாமியானாவின் கீழ் வட்டமாக அமரும் ஒரு குழு ஏறத்தாழ அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்தத் தொலைவுக்கே பொருள் இல்லை. கீபோர்டிலோ கணினியிலோ முன்பே அமைக்கப்பட்ட தாளத்தைக் காதொலிப்பானில் கேட்டபடி பாடகர் தனியே பாடுகிறார். அந்தத் தாளம் அவர் தோளைப் பார்ப்பதில்லை, பெயர் நீண்டாலும் காத்திருப்பதில்லை. ஆகவே அடிகள் சுற்றின் அளவுக்கு வெட்டப்படுகின்றன, இழுப்பு குறைகிறது, பாட்டு துல்லியமாகவும் சற்றுக் குட்டையாகவும் ஆகிறது. குரலை ஒரு டோலக்கோடு முதலில் ஒரே அறையில் பதிந்துகொண்டு, மற்றக் கருவிகளை அதன்மேல் பின்னர் அமைக்கும் வழியும் உண்டு. மணிக்கணக்கில் வாடகை கட்ட வேண்டிய கூடத்தில் அந்த வழிக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால், கையில் காசு குறைந்த இளம் பாடகர்களுக்கு ஆயத்தத் தாளமே கட்டுப்படியாகிறது.